மயக்கத்தில் ஆழ்ந்தவர் மீள்வாரா? மூளையின் அலைகள் உரைக்கும் செய்தி

வைத்தியரை நோக்கி மனிதர் கேட்கும் வினாக்கள் பல. "என்ன நோய்?" என்பது ஒன்று. "என்ன மருந்து?" என்பது மற்றொன்று. இவற்றுக்கெல்லாம் விடை கூறிப் பழகிய வைத்தியரும் ஒரு வினாவின் முன்னே சற்றுத் தயங்கி நிற்பர். நினைவிழந்து கிடப்பவரின் மனைவியோ தாயோ அருகில் வந்து, "கண்ணு முழிச்சிருவாருங்களா, ஐயா?" என்று கேட்கும் வினாவே அது.

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இவ்வினா புதியதன்று. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் மலைச்சரிவுகளைத் தேயிலையும் இறப்பரும் போர்த்து நிற்கின்றன. பார்வைக்கு இனிய அப்பசுமையினூடே ஆபத்துகளும் மறைந்து கிடக்கின்றன. கொழுந்து பறிக்கும் கை அறியாமல் குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டால், கொட்டுண்டவரின் உடல் அந்நஞ்சை ஏற்காது இரத்த அழுத்தம் வீழ்ந்து இதயமே நின்றுவிடுவதுண்டு. சித்திரை மாதத்திலும், பின்னர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகல் வேளைகளில் மின்னல் விழுந்து இதயத்துடிப்பைத் தடுத்துவிடுகிறது. மாணிக்கக் குழியினுள் நீரிறைக்கும் யந்திரத்தின் நச்சுப்புகை தேங்கினால் உள்ளே நிற்பவர் மூச்சடைத்து வீழ்கிறார். மலைப்பாதையின் வளைவுகளில் வாகனங்கள் புரண்டு தலையில் அடிபடுவோரோ எண்ணிலர்.

வழிகள் வேறாயினும் வந்து சேரும் இடம் ஒன்றே. நின்ற இதயத்தை வைத்தியர் மீண்டும் இயங்கச் செய்துவிடுகின்றனர். மூச்சை யந்திரம் நடத்துகிறது. உடல் வெதுவெதுப்பாக இருக்கிறது. கண்கள் மட்டும் திறக்கவில்லை. நாட்கள் செல்கின்றன. லயத்து அறையில் பிள்ளைகளை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த குடும்பத்தார், பேரு இழந்து, பஸ் கட்டணத்துக்கும் கடன்பட்டு, வைத்தியசாலை வாங்கிலே காத்திருக்கின்றனர். அவர்கள் கேட்பது பெரிய தத்துவம் அன்று; "நாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம்?" என்பதே. இதற்கு விடை தேடும் முயற்சியில் விஞ்ஞானம் கைக்கொண்டுள்ள கருவிகளுள் ஒன்று மூளையின் மின்னலைகளைப் பதியும் முறையாகும். அது என்ன கூறும், என்ன கூறாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

மயக்கம் வேறு, மரணம் வேறு

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நன்று. உறங்குபவரை உரத்து அழைத்தால் விழிப்பார். கோமா எனப்படும் ஆழ்மயக்கத்தில் கிடப்பவரோ, அழைத்தாலும் கிள்ளினாலும் கண் திறப்பதில்லை. விழிப்பைத் தரும் மூளைத்தண்டின் வலைப்பின்னலோ, நினைவுக்கும் அறிவுக்கும் இருப்பிடமான மூளையின் மேற்பகுதியோ, அல்லது இரண்டுமோ தம் தொழிலை நிறுத்தியிருக்கும் நிலை அது. இம்மயக்கத்தின் ஆழத்தை அளப்பதற்கு ஸ்கொட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனெற் என்னும் இரு பேராசிரியர்கள் 1974ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தனர். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். முழு விழிப்புடையவர் 15 பெறுவார். எதற்கும் மறுமொழி தராதவர் 3 பெறுவார். 8 அல்லது அதற்குக் குறைந்தால் ஆழ்மயக்கம் என்பது பொதுவழக்கு.

ஆழ்மயக்கம் என்றென்றும் நீடிப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் நோயாளர் விழித்தெழுவார்; அன்றி உயிர் நீப்பார்; அன்றி மூன்றாவதொரு நிலையை எய்துவார். அம்மூன்றாவது நிலையில் கண்கள் திறக்கும், மூடும். உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும். ஆயினும் தன்னையும் சூழலையும் அறிகின்ற அறிகுறி புறத்தே தோன்றாது. 1972ஆம் ஆண்டில் ஜெனெற், பிளம் என்னும் இருவர் இந்நிலைக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரைத் 'தாவர நிலை' எனத் தமிழில் வழங்குகின்றனர். மனிதரைத் தாவரம் என்பது பலருக்கு மனத்தை உறுத்துவதால் இன்று வேறு பெயர்களும் வழக்கில் வந்துள்ளன.

பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றிய அருணா சன்பாக் அம்மையாரின் வரலாறு இந்நிலைக்குத் துயரமான சான்று. 1973ஆம் ஆண்டு நவம்பரில், அம்மருத்துவமனையின் ஊழியன் ஒருவன் புரிந்த கொடுஞ்செயலால் அவர் கழுத்து நெரிக்கப்பட்டு, மூளைக்குப் பிராணவாயு செல்லாது தடைப்பட்டது. அன்று தொடங்கி 2015ஆம் ஆண்டு மே மாதம் உயிர் நீக்கும்வரை ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அந்நிலையிலேயே கிடந்தார். தலைமுறை தலைமுறையாக வந்த தாதிமார் அவரைத் தம் சகோதரியாகப் பேணினர். 2011ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவரது வழக்கை ஆராய்ந்தபோது, அவர் இறந்தவர் அல்லர் என்பதனைத் தெளிவாகவே எடுத்துரைத்தது.

நான்காவது சொல் மூளைச்சாவு. மூளையும் மூளைத்தண்டும் மீளாவகையில் தொழிலிழந்து, யந்திரத்தின் உதவியால் மாத்திரம் மார்பு அசையும் நிலை இது. 1959ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து வைத்தியர்களான மொலாரே, கூலோன் என்போர் இதனை முதன்முதலில் விளக்கினர். நமது நாட்டிலும் மனித இழையங்களை மாற்றிப் பொருத்துதல் பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்றுள்ளது. ஆழ்மயக்கத்தை மூளைச்சாவென மயங்குதல் பெரும் பிழை. முன்னையதில் மீட்சிக்கு இடமுண்டு, பின்னையதில் இல்லை.

தந்தியொன்று தூண்டிய ஆராய்ச்சி

மூளையில் மின்சாரம் உண்டு என்பதனை 1875ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரத்து வைத்தியர் ரிச்சர்ட் கேற்றன் கண்டறிந்தார். முயல்களினதும் குரங்குகளினதும் மூளையில் அவர் அதனை அளந்து காட்டினார். மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிந்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்து மனநோய் வைத்தியரான ஹான்ஸ் பெர்கர்.

பெர்கர் இவ்வாராய்ச்சியில் இறங்கிய காரணம் விந்தையானது. இளம்பருவத்தில் அவர் இராணுவத்திலிருந்தபோது, குதிரை இடறி, பீரங்கி வண்டியின் சக்கரத்தின் முன்னே வீழ்ந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே, அவரது நலத்தை விசாரித்துத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. வெகுதொலைவிலிருந்த சகோதரி, சகோதரனுக்கு ஏதோ ஆபத்து எனக் கலங்கித் தந்தையை வற்புறுத்தினாளாம். ஒரு மூளையின் அச்சம் மற்றொரு மூளைக்கு எவ்வாறு எட்டிற்று என்று வியந்த பெர்கர், மூளையின் சக்தியை அளக்கவேண்டும் என உறுதிபூண்டார். மனத்தின் தந்தியை அவர் காணவில்லை. ஆனால் 1924ஆம் ஆண்டு ஜூலை மாதம், பதினேழு வயது இளைஞன் ஒருவனின் தலையில் மூளையின் மின்னலையைக் கண்டார். ஐந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே, 1929இல் அதனை உலகுக்கு வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஏட்றியனும் அவரது துணைவர் மத்தியூசும் அதே அலைகளைத் தாமும் பதிந்து காட்டிய பின்னரே பெர்கரின் புகழ் நிலைத்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. விஞ்ஞான வரலாற்றில் இது அபூர்வமன்று.

நமது பிராந்தியத்தில் இத்துறை வளர்ந்ததற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பெரும்பங்குண்டு. கனடாவின் மொன்றியால் நகரில் பென்ஃபீல்ட் என்னும் புகழ்பெற்ற நிபுணரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949ஆம் ஆண்டில் இந்தியாவின் முதலாவது நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவை அங்கு நிறுவினார். மறு ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். தலையில் மின்வாய்களை எங்கெங்கே பொருத்தவேண்டும் என்பதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் முறையை 1958இல் வெளியிட்ட ஜாஸ்பர் என்பவரும் அதே மொன்றியால் நிலையத்தைச் சேர்ந்தவரே.

அலைகளைப் படிப்பது எவ்வாறு?

மாணவர்கள் இப்பகுதியைச் சற்றுக் கவனத்துடன் வாசிப்பார்களாக. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று மின்குறிப்புகளாலும் இரசாயனப் பொருள்களாலும் உரையாடுகின்றன. ஆயிரக்கணக்கான கலங்கள் ஒருங்கே இயங்கும்போது எழும் மின்னழுத்தம் மண்டையோட்டையும் தோலையும் கடந்து வெளியே கசிகிறது. அதன் அளவோ மிக அற்பம். ஒரு வோல்ற்றை பத்து இலட்சம் கூறாக்கினால், அக்கூறுகளில் இருபது முதல் நூறு வரை. கைவிளக்கில் இடும் ஒன்றரை வோல்ற் பற்றரியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு எனலாம். தலைத்தோலில் சுமார் இருபது சிறு மின்வாய்களைப் பசையிட்டு ஒட்டி, கிடைப்பதைப் பெருக்கி வரைகின்றனர். இதனால் நோயாளருக்கு வலியுமில்லை. அவர் உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதுமில்லை. 'மூளைக்குக் கரண்டு வைக்கிறார்கள்' என்று அஞ்சி மறுக்கும் உறவினர் இதனை நன்கு உணர்தல் வேண்டும். இது அளப்பது மாத்திரமே.

கண்ணை மூடி அமைதியாக விழித்திருப்பவரின் தலையின் பின்புறத்தில் செக்கனுக்கு 8 முதல் 13 வரை அசையும் அலை தோன்றும். அதற்கு அல்பா எனப் பெயர். அதனிலும் விரைந்தது பீற்றா. 4 முதல் 8 வரை அசைவது தீற்றா. 4க்கும் குறைந்து மெல்ல அசையும் பெரிய அலை டெல்றா; ஆழ்ந்த உறக்கத்தில் இது இயல்பு. விழித்திருக்க வேண்டியவரிடம் இது மேலோங்கி நின்றால் மூளை நலிவுற்றிருக்கிறது என்பது பொருள்.

ஆழ்மயக்கத்தில் கிடப்பவரின் பதிவிலே வைத்தியர் மூன்று செய்திகளைத் தேடுகின்றனர். முதலாவது, அலை தொடர்ச்சியாக ஓடுகிறதா, இடையிடையே அறுந்து போகிறதா என்பது. சிறிது நேரம் அடங்கிக் கிடந்து, திடீரென வெடித்தெழுந்து, மீண்டும் அடங்கும் பதிவு கவலைக்குரியது. அவ்வெடிப்புகள் ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றையொன்று ஒத்திருந்தால் கவலை மேலும் பெரிது. இரண்டாவது, அலையின் உயரம். ஒரு நாள் கழிந்த பின்னரும் பதிவு ஏறத்தாழ நேர்கோடாகவே கிடந்தால் அது நற்குறியன்று. மூன்றாவது, அலை மறுமொழி கூறுகிறதா என்பது. கையைத் தட்டி, பெயர் சொல்லி அழைத்து, நகத்தை அழுத்தி வலியூட்டும்போது அலையின் போக்கு மாறினால், கதவைத் தட்டியபோது உள்ளிருந்து யாரோ அசைவது கேட்டாற்போன்ற ஆறுதல் அது.

இவ்வகைத் தரம்பிரிப்பு புதியதன்று. இதயம் நின்று மீண்டோரின் அலைப்பதிவுகளை ஐந்து படிகளாக வகுத்து, படிக்கும் நோயின் முடிவுக்கும் தொடர்புண்டு என்று ஹொக்கடே முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1965ஆம் ஆண்டிலேயே காட்டினர். பின்னர் நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் ஹொஃப்மெயர், வான் புட்டன் ஆகியோர், பதியும் நேரமே பெரிதும் முக்கியம் என்பதனை நிறுவினர். இதயம் நின்று மீண்ட பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அலைகள் தொடர்ச்சியாக ஓடத் தொடங்கினால் அது நம்பிக்கை தரும் அறிகுறி. இருபத்துநான்கு மணி நேரத்தின் பின்னும் அடங்கியே கிடந்தால் அது தீய அறிகுறி. அதே பதிவு முதல் மணி நேரங்களில் காணப்பட்டாலோ அதிலிருந்து முடிவு எதுவும் கூறவியலாது.

நம்பிக்கைக்கும் ஓர் எல்லை

2016ஆம் ஆண்டில் ஐரோப்பிய வைத்தியர் 103 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்தனர். மிகக் கொடிய பதிவுடையோர் எவரும் நன்னிலைக்குத் திரும்பவில்லை என அவர்கள் கண்டனர். இதைக் கேட்டதும், 'யந்திரம் தீர்ப்பளித்துவிட்டது' என எண்ணிவிடலாகாது. தீய முடிவை அடைந்தோருள் சுமார் பாதிப்பேரிடமே அக்கொடிய பதிவு காணப்பட்டது. ஏனையோரின் அலைகள் தெளிவான விடை எதனையும் தரவில்லை. பதிவு தீயதாயின் அது பெரும்பாலும் உண்மையுரைக்கும். தீயதாக இல்லாவிடின் மீட்சி உறுதி என்பதில்லை.

அன்றியும் மருந்துகள் ஏமாற்றும். நோயாளரைத் துன்பமின்றி வைப்பதற்குச் செலுத்தும் உறக்க மருந்துகள் மூளையின் அலைகளை அடக்கிவிடும். உறக்க மாத்திரையை அளவுமீறி விழுங்கியவரின் பதிவு நேர்கோடாகிப் பின் அவர் முற்றிலும் குணமடைந்ததும் உண்டு. உடல் குளிர்ந்திருந்தாலும் அலை தாழும். இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. பதிவில் அல்பா அலையே ஓடும். ஆனால் எவ்வித ஓசைக்கும் வலிக்கும் அது மாறாது. பார்த்தால் விழிப்பு, உண்மையில் ஆழ்மயக்கம்.

ஆதலின் ஐரோப்பிய வைத்தியச் சங்கங்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிலே, இதயம் மீண்டதிலிருந்து 72 மணி நேரம் கழியுமுன் முடிவு கூறலாகாது என வகுத்துள்ளன. கொடிய அலைப்பதிவு ஒன்று மாத்திரம் போதாது. கண்மணி ஒளிக்குச் சுருங்காமை, மணிக்கட்டில் தரும் மின்தூண்டல் மூளையை எட்டாமை, இரத்தத்தில் நரம்புக் கலச் சிதைவுப் பொருளின் மிகுதி, மூளைப் படத்தில் தெரியும் பரந்த சேதம் முதலியவற்றுள் இரண்டேனும் ஒத்துரைத்தாலன்றித் தீய முடிவு கூறலாகாது. ஐயமிருப்பின் காத்திருந்து மீண்டும் சோதித்தலே முறை.

இவ்வெச்சரிக்கைக்கு ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. 'இவர் மீளார்' எனக் கூறிவிட்டால் சிகிச்சை தளர்கிறது, யந்திரம் நிறுத்தப்படுகிறது, அவர் இறக்கிறார். பின்னர், 'நாம் கூறியது சரியாயிற்று' என்று கணக்கெழுதப்படுகிறது. கூறியதனாலேயே பலித்த சோதிடம் இது. நம் ஊர்களில், 'இந்தத் திசையில் கண்டம்' எனச் சோதிடர் கூறியதைக் கேட்டு உணவையும் உறக்கத்தையும் விட்டவர் நோயுற்றால், சோதிடம் பலித்தது என்போம் அல்லவா? விஞ்ஞானமும் அப்பொறியில் விழலாம் என அஞ்சியே, நல்ல ஆராய்ச்சிகளில் அலைப்பதிவைப் படிப்பவருக்கு நோயாளரின் நிலையும், சிகிச்சை புரிபவருக்கு அப்பதிவின் முடிவும் தெரியாவண்ணம் மறைக்கின்றனர்.

அலைப்பதிவின் மற்றொரு பயனையும் கூறவேண்டும். புறத்தே கையோ காலோ துடிக்காமலே மூளையினுள் வலிப்பு ஓயாது நடப்பதுண்டு. வலிப்பின் அடையாளம் எதுவும் வெளியே தோன்றாத 236 மயக்க நோயாளரை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நூற்றுக்கு எட்டுப் பேரிடம் இம்மறை வலிப்பு காணப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. வலிப்புக்கு மருந்துண்டு. எனவே அலைப்பதிவு வருவதுரைப்பதற்கு மட்டுமன்றி, வந்ததை மாற்றுவதற்கும் உதவுகிறது.

உடல் கிடக்கிறது, உள்ளம் கேட்கிறது

நம் நாட்டுக்கு மிகவும் உரிய ஓர் உதாரணத்தை இங்கு நோக்குவோம். விரியன் எனப் பெயர் பெற்றாலும் விரியன் இனத்தைச் சேராத கட்டுவிரியன், நாக இனத்துக்கு உறவான பாம்பு. உலர்வலயத்திலே நிலத்தில் பாய்விரித்து உறங்குவோரை அது இரவில் தீண்டுகிறது. சப்பிரகமுவ போன்ற ஈரவலயத்தில் அதன் உறவான, இலங்கைக்கே உரிய மற்றொரு வகை வாழ்கின்றது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. நரம்பு தசைக்கு ஆணையிடும் சந்தியை அதன் நஞ்சு அறுத்துவிடுகிறது. முதலில் இமை சரியும். பின்னர் பேச்சுக் குழறும். இறுதியில் மூச்சும் நிற்கும். கண்மணியும் ஒளிக்கு அசையாது போகலாம். காண்போர் இவரை மூளை இறந்தவர் என்றே கருதுவர். ஆயினும் மூச்சு நிற்குமுன் யந்திரத்தின் உதவி கிடைத்திருந்தால், உள்ளே மூளை பெரும்பாலும் விழித்தே இருக்கும். சுற்றி நிற்போர் பேசுவதையும் அழுவதையும் அவர் கேட்டுக்கொண்டே கிடக்கலாம். மூளைச்சாவு போலத் தோற்றிப் பின்னர் முழுநலம் பெற்ற பாம்புக்கடி நோயாளரைப் பற்றி இந்திய வைத்திய ஏடுகளில் அறிக்கைகள் பல வந்துள்ளன. இத்தகையவரின் தலையில் மின்வாய்களைப் பொருத்தினால், மூடிய இமைகளுக்குப் பின்னே விழித்திருக்கும் மூளையின் அலை தன்னை அறிவித்துவிடும்.

பாம்புக்கடியில் மட்டுமன்று, மூளை அடிபட்டோரிடத்தும் மறைந்த அறிவு உண்டு. 2006ஆம் ஆண்டில் ஏட்றியன் ஓவன் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர், தாவர நிலையிலிருந்த 23 வயதுப் பெண்ணொருத்தியிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யும்படி கூறினார். அவளது உடல் அசையவில்லை. ஆனால் மூளைப் படத்திலே ஆடுவோர்க்குரிய பகுதி ஒளிர்ந்தது. 2019ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து கிளாசன் குழுவினர் இதனை அலைப்பதிவினாலேயே சாதித்தனர். புறத்தே எவ்வித ஆணைக்கும் இணங்காத 104 நோயாளரிடம், "வலக்கையைத் திறந்து மூடுங்கள்" எனப் பலமுறை கூறி, அவர்களது அலைகளைக் கணினியைக் கொண்டு ஆராய்ந்தனர். 16 பேரின் மூளை அவ்வாணையைப் பின்பற்ற முயன்றது தெரிந்தது. ஓராண்டின் பின், அவர்களுள் நூற்றுக்கு 44 பேர் நாளில் எட்டு மணி நேரமேனும் பிறர் துணையின்றி இருக்கும் நிலையை எய்தினர். ஏனையோரில் அவ்வாறு எய்தியோர் நூற்றுக்கு 14 பேரே.

2024ஆம் ஆண்டில் பல நாடுகளின் வைத்தியர் ஒன்றுகூடி வெளியிட்ட ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது. வெளியே எவ்வித இணக்கமும் காட்டாத 241 பேரில் 60 பேரிடம், அதாவது நான்கில் ஒருவரிடம், மறைந்த அறிவு இருந்தது. அவ்வாய்வு ஒரு பாடத்தையும் புகட்டிற்று. கண்முன்னே ஆணைக்கு இணங்கிக் கையசைக்க வல்ல 112 பேரையும் அதே முறையால் சோதித்தபோது 43 பேரையே அச்சோதனை கண்டுபிடித்தது. ஆகவே, 'சோதனையில் ஒன்றும் தெரியவில்லை' என்பதற்கு 'உள்ளே ஒன்றுமில்லை' என்பது பொருளன்று.

எனவே, நினைவற்றவரின் கட்டிலருகே நின்று, 'இனிப் பிழைக்கமாட்டார்' என்றோ, காணி வீட்டுப் பங்கு பற்றியோ பேசுவதைத் தவிர்ப்போமாக. பெயர் சொல்லி அழைத்து, பிள்ளைகளின் செய்தி கூறி, பழகிய குரலில் பேசுவது நன்று. அது கேட்கிறதோ இல்லையோ, கேளாதென நாம் உறுதிகூறவியலாது.

குடும்பத்தார் கேட்கவேண்டியவை

தோட்டத்து மக்கள் பெரிய வைத்தியசாலையில் வாய்திறந்து கேட்பதற்கே கூசுகின்றனர். மொழி ஒரு தடை, அச்சம் மற்றொன்று. கேட்பது உரிமை, பணிவாகக் கேட்டால் நல்ல வைத்தியர் எவரும் மனம் கோணார். படித்த பிள்ளை ஒருவர் உடன் சென்று கேட்கவேண்டிய வினாக்கள் இவை: மயக்கம் எதனால் வந்தது, இதயம் நின்றதாலா, தலையில் அடிபட்டதாலா, நஞ்சினாலா? எத்தனை நாளாயிற்று? உறக்க மருந்து இன்னும் உடலில் இருக்கிறதா? மூளை அலைப்பதிவு எடுக்கப்பட்டதா? எடுக்கப்பட்டதாயின், அழைப்புக்கும் வலிக்கும் அலைகள் மாறினவா? ஏனைய சோதனைகளும் அதே செய்தியைக் கூறுகின்றனவா? மீண்டும் எப்போது சோதிப்பீர்கள்?

அடிபட்ட மூளையும் பிராணவாயு இழந்த மூளையும் ஒன்றல்ல என்பதையும் நினைவிலிருத்துக. இளவயதினர் தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் கிடந்தும் மெல்ல மெல்ல மீண்டுள்ளனர். பிராணவாயுவின்றி வாடிய மூளை அத்துணைப் பொறுமை காட்டுவதில்லை.

உண்மை எதுவாயினும் அதனைக் கேட்கும் துணிவும் குடும்பத்துக்கு வேண்டும். எல்லாச் சான்றுகளும் ஒருமுகமாக 'மீளார்' எனக் கூறுமிடத்து, நகையை ஈடுவைத்தும் கடன் வாங்கியும் ஊரூராகக் கொண்டலைவது அன்பின் கடமையாகாது. எஞ்சியிருப்போரின் உணவும் கல்வியும் அவரது விருப்பமாகவே இருந்திருக்கும். சான்றுகள் ஐயத்தில் நிற்குமிடத்தோ அவசரம் கூடாது. நம்பிக்கைக்கும் பிடிவாதத்துக்கும் இடையே உள்ள கோட்டைக் காண்பதற்கே அலைப்பதிவு போன்றவை துணைபுரிகின்றன.

முதல் ஐந்து நிமிடங்கள்

இறுதியாக ஒன்று. மூளை நம் உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும் நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்திலொரு பங்கை அதுவே செலவிடுகிறது. சேமித்து வைக்கும் வழக்கமும் அதற்கில்லை. இதயம் நின்று பத்துச் செக்கனில் நினைவு அகலும். அரை நிமிடத்துக்குள் அலை அடங்கும். ஐந்து நிமிடமளவில் மீளாச் சேதம் தொடங்கும். மூன்று நாட்களின் பின் வைத்தியசாலையில் படிக்கப்படும் பதிவு, உண்மையில் அந்த ஐந்து நிமிடத்தில், கொழுந்து மலையிலோ குழியோரத்திலோ எழுதப்பட்டதாகும்.

ஆகையால் அங்கே நிற்பவரே முதல் வைத்தியர். மூச்சும் அசைவுமின்றிக் கிடப்பவரை மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து அல்லது ஆறு சென்ரிமீற்றர் ஆழம் அமிழுமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை விடாது அழுத்துக. மற்றொருவர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழைக்கட்டும். மின்னல் தாக்கியவரைத் தொடுவதால் மின்சாரம் பாயாது, அஞ்சாது தொடலாம். நச்சுப்புகை நிறைந்த குழிக்குள் மட்டும் எவரும் ஆய்ந்தோயாது இறங்கலாகாது. ஒருவரைக் காக்கச் சென்று மூவரை இழந்த வீடுகள் உண்டு. பாம்பு தீண்டியதென ஐயமிருந்தால், கட்டாமலும் கீறாமலும், அசையவிடாது கிடத்தி வைத்தியசாலைக்கு விரைக.

இவற்றைத் தோட்டப் பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர் ஒரு நாட் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் பத்து இளைஞர் இதனைக் கற்றுவைத்திருந்தால், அங்கே வீழ்வோரின் மூளை அலைகள் ஓயுமுன்னரே உதவிக்கரம் நீளும்.